சங்கத்துக்கு வெப்சைட்: வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் மூன்றில் எதை எடுப்பது, எந்த வரிசையில் முடிவெடுப்பது

குடியிருப்போர் நலச் சங்கம், கண்மாய்ப் பாசன விவசாயிகள் குழு, பழைய மாணவர் மன்றம் என்று மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் யார் வெப்சைட் பற்றிப் பேச வந்தாலும், உட்கார்ந்த உடனே கேட்பது "வேர்ட்பிரஸா, ஜூம்லாவா, ட்ரூபலா?" என்றுதான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் ஏழெட்டு இருக்கின்றன, அவற்றை முடித்தால் பதில் கிட்டத்தட்டத் தானாகவே வந்துவிடும்.

மூன்றுமே சி.எம்.எஸ்., அதாவது கோடு எழுதாமல் வெப்சைட்டில் செய்தி போடவும் திருத்தவும் உதவும் மென்பொருள். மூன்றுமே இலவசம், மூன்றுமே பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை, மூன்றுமே சாதாரண ஹோஸ்டிங்கில் (சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) ஓடும், மூன்றிலும் நல்ல சைட் கட்டலாம். அதனால் வசதிப் பட்டியலை ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் முடிவு வராது. நான் கூட இருந்து பார்த்தவரை, சங்க சைட்டுகள் படுத்துவிடுவதற்குக் காரணம் ஒன்றுதான்: கட்டியவர் போன பிறகு அதைக் கையாள யாருக்கும் தெரியவில்லை. கீழே உள்ள வரிசை முழுவதும் அதை மனதில் வைத்து எழுதியது.

1. யார் எழுதப்போகிறார்கள் என்று பெயர் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று பெயர் எழுதுங்கள். செய்தி போடுபவர், அவர் ஊரில் இல்லாதபோது போடுபவர், பழுது வந்தால் பார்ப்பவர். "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கிறோம்" என்று பதில் வந்தால் மூன்று பெயர் கிடைக்கும்வரை மேலே போக வேண்டாம்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் குறியுங்கள்: போனில் செய்வாரா கம்ப்யூட்டரிலா, தமிழில் எப்படி டைப் செய்கிறார் (ஜிபோர்டு, செல்லினம் போன்ற கீபோர்டு ஆப், அல்லது பேசியே எழுத வைப்பது), வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும். பெரும்பாலான சங்கங்களில் முதல் பெயர் செயலாளராகவோ பொருளாளராகவோ இருக்கும், வயது அறுபதைத் தாண்டியிருக்கும், போன் மட்டும்தான் இருக்கும். அது ஒரு குறையே இல்லை. ஆனால் எந்த சி.எம்.எஸ். என்பதை அந்த போன்தான் தீர்மானிக்கப்போகிறது.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் என்றால் ஆண்டுப் பொதுக்குழு கூடும், நிர்வாகிகள் மாறுவார்கள். இன்று கணினி தெரிந்த ஒரு தம்பி ஆர்வமாக இருக்கிறார் என்பதற்காகக் கடினமான ஒன்றை எடுத்தால், அவர் வேலை கிடைத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனதும் சைட் அப்படியே நின்றுவிடும்.

2. ஒரு மாத வாட்ஸ்அப் செய்திகளைப் பிரித்துப் பாருங்கள்

"சைட்ல என்னென்ன வேணும்?" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். கேட்டால் படத்தொகுப்பு, வீடியோ, ஆன்லைன் சந்தா, உறுப்பினர் லாகின் என்று ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். அதற்குப் பதில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கடந்த ஒரு மாதம் வந்த செய்திகளை எடுத்து, வாழ்த்தும் குட்மார்னிங்கும் போக மீதியை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், அன்றைக்கு மட்டும் வேண்டியவை: நாளை மின்தடை, குழாய் உடைந்து தண்ணீர் வராது, சித்திரைத் திருவிழாவுக்கு எந்த வழி அடைப்பு. இரண்டாவது, எப்போதும் வேண்டியவை: விதிமுறை, சந்தா எவ்வளவு, ஆண்டறிக்கை, யாரை எதற்குக் கூப்பிடுவது. மூன்றாவது, ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வருபவை: உறுப்பினர் விவரம், புகார் எண்ணும் அதன் நிலையும், எந்த மடைக்கு எந்த நாள் முறைத் தண்ணீர், தூர்வாரிய கண்மாய்களின் பட்டியல்.

மூன்றாம் குவியலின் உயரத்தை நன்றாகக் கவனியுங்கள். முதல் இரண்டை மூன்று சி.எம்.எஸ்.ஸும் சிரமமில்லாமல் தாங்கும், வித்தியாசமெல்லாம் மூன்றாவதில்தான் வருகிறது. அப்புறம், மூன்று குவியலும் சேர்த்து மாதம் ஒரு செய்திகூடத் தேறவில்லை என்றால் சி.எம்.எஸ். வேண்டாம். கூகுள் சைட்ஸில் நாலு பக்கம் போட்டு வைத்தாலே போதும், பராமரிப்பு என்ற பேச்சே வராது. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனாலும் நான் சொல்லிவிடுகிறேன்.

3. டொமைனையும் ஹோஸ்டிங்கையும் சங்கத்தின் பேரில் வாங்குங்கள்

முதலில் சங்கத்துக்கென்று ஒரு ஈமெயில் கணக்கு. அதன் மீட்பு எண்ணாகச் செயலாளர் போன், மீட்பு ஈமெயிலாகப் பொருளாளருடையது. அந்தக் கணக்கை வைத்து டொமைன் (சைட்டின் முகவரிப் பெயர்), அதே கணக்கை வைத்து ஹோஸ்டிங். இந்த வரிசை மாறவே கூடாது, ஏனென்றால் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு எந்த ஈமெயிலுக்குப் போகிறதோ அவர்தான் நடைமுறையில் சைட்டின் சொந்தக்காரர்.

நான் உதவப்போன ஒரு சங்கத்தில் டொமைனை வடிவமைத்தவர் தன் சொந்தக் கணக்கில் வாங்கியிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அப்போது அது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து டொமைன் காலாவதியானபோது அவர் அந்த ஈமெயிலையே விட்டிருந்தார். பெயர் கை நழுவிப் போய்விட்டது. லெட்டர்பேடு, ரசீதுப் புத்தகம், வாசலில் மாட்டிய போர்டு எல்லாவற்றிலும் அந்த முகவரி அச்சாகியிருந்தது.

ஹோஸ்டிங் வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, இரண்டாம் வருடம் புதுப்பிக்கும் விலை என்ன (முதல் வருடத் தள்ளுபடியை வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள்). இரண்டு, பி.எச்.பி. 8.3 இருக்கிறதா, ஜூம்லா 5-க்குக் குறைந்தது 8.1 வேண்டும், ட்ரூபல் 11-க்கு 8.3 வேண்டும். மூன்று, சைட் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுமா. அந்த இலவசச் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும், கையால் புதுப்பிக்க வேண்டும் என்றால் யாராவது கட்டாயம் மறப்பார்கள், சைட்டைத் திறந்தவுடன் 'பாதுகாப்பற்றது' என்று போன் எச்சரிக்கும்.

4. தமிழுக்கான ஏற்பாட்டை இப்போதே செய்யுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுக்கும் இடம் இது. எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள், அப்போது திருத்துவது மூன்று மடங்கு வேலை.

பழைய ஆண்டு மலர், விதிமுறை எல்லாம் பெரும்பாலும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகள்தான் வரும். என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு (எல்லா போனிலும் தெரியும் பொது எழுத்து முறை) மாற்றி, ஒருவர் உட்கார்ந்து ஒரு தடவை வாசித்துத் திருத்தி, தனி ஃபோல்டரில் வையுங்கள். சி.எம்.எஸ். நிறுவும் முன்பே இந்த ஃபோல்டர் தயாராக இருந்தால், சோதனைக்கு வெற்று வாக்கியங்களைப் போடாமல் உங்கள் சொந்தச் சரக்கையே போட்டுப் பார்க்கலாம்.

எழுத்துருவும் அப்படித்தான். பெரும்பாலான தீம்களில் (சைட்டின் தோற்றத்தைத் தரும் தயார் வடிவமைப்பு) வரும் எழுத்துருவில் தமிழே கிடையாது, அதனால் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது, நம் ஊர்ப் பெயரையே வைத்த ஹிந்த் மதுரையும் இருக்கிறது. ஒன்றை எடுத்து முடிவு செய்துவிடுங்கள். வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். நம் எழுத்துக்கு மேலே கொக்கியும் கீழே சுழியும் உண்டு, ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் அவை ஒன்றோடொன்று முட்டும்.

அடுத்து இணைப்பு முகவரி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மூன்று சி.எம்.எஸ்.ஸும் தமிழ்த் தலைப்பை மூன்று விதமாக நடத்துகின்றன.

வேர்ட்பிரஸ் தலைப்பையே முகவரியாக்கும். ஆனால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும், அதன் காலும் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனியாக, ஒன்பது குறிகளாக விரியும், மொத்தம் 200 குறிக்கு மேல் வேர்ட்பிரஸ் வைத்துக்கொள்ளாது. "வண்டியூர் கண்மாய் தூர்வாரும் பணி தொடர்பான ஆலோசனைக் கூட்டம்" என்று தலைப்பு வைத்தால் முகவரி "வண்டியூர் கண்மாய் தூர்வா" என்பதோடு நின்றுவிடும். அடுத்த மாதம் "வண்டியூர் கண்மாய் தூர்வாரும் பணி நிறைவு" என்று போட்டால் அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, வால்பகுதியில் 2 என்ற எண் ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறியும் எண்ணுமாக வந்து நிற்கும், வைரஸ் என்று நினைத்துப் பெரியவர்கள் தொடவே மாட்டார்கள்.

ஜூம்லாவில் யூனிகோடு முகவரி அமைப்பை இயக்காமல் தமிழில் தலைப்பு கொடுத்தால், எதுவும் தேறாததால் அன்றைய தேதியையும் நேரத்தையும் முகவரியாக வைத்துக்கொள்ளும். ட்ரூபலில் பாத்ஆட்டோ என்ற மாட்யூலை (துணைக் கருவி) சேர்க்காவிட்டால் 'நோட்' என்ற சொல்லும் ஓர் எண்ணும் மட்டும்தான் முகவரியாக இருக்கும்.

தீர்வு மூன்றுக்கும் ஒன்றே. வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் இடம், பொருள், மாதம் என்று சின்னதாக நீங்களே அடியுங்கள். இதை முதல் நாளே பழக்கமாக்குங்கள், பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் உடையும்.

5. மூன்றையும் தனித்தனி துணை டொமைனில் நிறுவுங்கள்

சி-பேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) உள்ள ஹோஸ்டிங் என்றால் சாஃப்டாகுலஸ் மாதிரி ஒரு நிறுவும் கருவி பெரும்பாலும் இருக்கும். மூன்று துணை டொமைன் (சங்க டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த தனி முகவரி) உருவாக்கி ஒவ்வொன்றிலும் ஒன்றை நிறுவுங்கள். தேடுபொறி எட்டிப் பார்க்காதபடி ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் சேம்ப் (கம்ப்யூட்டரையே சர்வராக்கும் மென்பொருள்) போட்டுப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் சோதனை செய்ய வேண்டியவர் போனில் செய்பவர், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அவர் கைக்கு எட்டாது. மேலும் உண்மையான ஹோஸ்டிங்கில்தான் உண்மையான தடைகள் தெரியும். பி.எச்.பி.யில் ஒரு கோப்பின் பதிவேற்ற வரம்பு இயல்பாக 2 எம்.பி., போன் கேமரா படமோ சாதாரணமாக அதைத் தாண்டும். ஹோஸ்டிங்காரர் அந்த வரம்பை உயர்த்தி வைத்திருக்கிறாரா என்பது இந்தக் கட்டத்தில் தெரிந்துவிட வேண்டும்.

இன்னொன்று, வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன: அவர்களே வைத்து நடத்தும் சேவை ஒன்று, நாமே ஹோஸ்டிங்கில் நிறுவும் மென்பொருள் இன்னொன்று. இங்கே நான் பேசுவது இரண்டாவதை. முதலாவதில் கணக்குத் தொடங்கிவிட்டு "பிளகின் போட முடியலையே" என்று வந்தவர்கள் நிறைய (பிளகின் என்பது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணைக் கருவி).

தீம் தேடாதீர்கள். மூன்றிலும் கூடவே வரும் தீமையே வைத்துக்கொள்ளுங்கள். அழகான தீம் ஒன்றில் மட்டும் இருந்தால் எல்லாரும் அதற்கே ஓட்டுப் போடுவார்கள், சோதனை வீணாகிவிடும்.

6. ஐந்து வேலை, அந்த இரண்டு பேர், அவர்களுடைய போன்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். முதல் படியில் எழுதிய மூன்று பேரில், செய்தி போடப்போகும் இரண்டு பேரையும் உட்கார வைத்து, அவரவர் போனில், ஒவ்வொரு சி.எம்.எஸ்.ஸிலும் இந்த ஐந்து வேலையைச் செய்யச் சொல்லுங்கள்: நாளைய மின்தடை அறிவிப்பு போடுவது, அதில் நேரம் தவறு என்று திருத்துவது, கூட்டப் படம் இரண்டு சேர்ப்பது, ஆண்டறிக்கை பி.டி.எஃப். ஏற்றுவது, பழைய அறிவிப்பை எடுப்பது. பக்கத்தில் இருங்கள், ஆனால் சொல்லிக்கொடுக்காதீர்கள். எங்கே விரல் நிற்கிறது என்று மட்டும் குறியுங்கள்.

ஓய்வு பெற்ற ஒரு பொருளாளரோடு ஜூம்லாவில் இதைச் செய்து பார்த்தோம். அறிவிப்பை அழகாக எழுதினார், சேமித்தார், சைட்டைத் திறந்தார். காணோம். மறுபடி உள்ளே போனார், அங்கே இருந்தது. "தம்பி, நான் எழுதுனது உள்ள இருக்கு, வெளிய வரலையே?" என்றார். ஜூம்லாவில் ஒரு கட்டுரையை எழுதினால் மட்டும் போதாது. அது ஒரு மெனுவோடு இணைந்த வகையில் இருக்க வேண்டும், அல்லது முகப்பில் வரும்படி சிறப்புக் கட்டுரை என்று குறிக்க வேண்டும். "சார், ஒரு தடவை நான் மெனுவை இந்த வகையோட சேர்த்துட்டா, அப்புறம் நீங்க வகையை மட்டும் தேர்ந்தெடுத்தாப் போதும்" என்று அமைத்துக் கொடுத்தோம், அதன் பிறகு சிக்கல் இல்லை. ஆனால் அமைத்துக் கொடுக்கும் ஆள் வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிட்டது.

ஜூம்லாவில் இன்னொரு இடமும் உண்டு. திருத்திக்கொண்டிருக்கும்போது 'சேமித்து மூடு' கொடுக்காமல் போனில் டேப்பை அப்படியே தள்ளி மூடினால், அந்தக் கட்டுரை அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும். அடுத்தவர் திருத்த முடியாது, உரிமை உள்ள ஒருவர் போய் விடுவிக்க வேண்டும். போனில் வேலை செய்பவர்கள் எல்லாரும் டேப்பைத் தள்ளித்தான் மூடுகிறார்கள்.

வேர்ட்பிரஸில் விரல் நிற்கும் இடங்கள் வேறு. 'இடுகை', 'பக்கம்' என்ற இரண்டும் எது எதற்கு என்று குழம்புவார்கள். முதல் குவியல் இடுகை, இரண்டாம் குவியல் பக்கம் என்று சொல்லிவிட்டால் பிடித்துக்கொள்வார்கள். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து எழுதும் பெட்டி துண்டு துண்டாக இருக்கிறது, போனில் ஒரு துண்டைத் தொடப்போய் இன்னொன்று நகரும். ஆனாலும் அதற்கென்று போன் ஆப் இருப்பதால் பலர் ஆப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். நான் உட்கார வைத்தவர்களில் பெரும்பாலோர் உதவியில்லாமல் ஐந்து வேலையையும் முடித்தது இதில்தான்.

ட்ரூபலில் படம் சேர்த்தால், அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதாமல் சேமிக்க விடாது. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானில் கேட்பதற்கான வரி அது, நல்ல கட்டுப்பாடு, நான் அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஏன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் "படமே ஏற மாட்டேங்குது" என்று போன் வரும்.

7. யார் எதைத் தொடலாம், எத்தனை மொழி, எத்தனை பட்டியல்

சோதனை முடிந்ததும் ஒன்று பெரும்பாலும் விழுந்துவிடும். மிச்சம் இரண்டை இந்த மூன்று கேள்வியில் பிரியுங்கள்.

உரிமை. ஒரே சங்கம், இரண்டு பேர் என்றால் வேர்ட்பிரஸின் ஐந்து நிலைகள் போதும். ஆனால் 'பங்களிப்பாளர்' நிலை கொடுத்தால் அவர் எழுதலாம், வெளியிட முடியாது, படமும் ஏற்ற முடியாது. படம் ஏறவில்லை என்று வரும் பாதிப் புகார்களுக்கு இதுதான் காரணம், 'ஆசிரியர்' (ஆத்தர்) நிலைக்கு மாற்றினால் தீர்ந்தது. ஏழெட்டு ஊர் சேர்ந்த கண்மாய்க் கூட்டமைப்பு, அந்தந்த ஊர்க்காரர் அந்தந்த ஊர்ப் பகுதியில் மட்டும்தான் எழுத வேண்டும் என்றால், வேர்ட்பிரஸில் அது கூடவே வராது, பிளகின் தேட வேண்டும். ஜூம்லாவில் வகைக்கு வகை உரிமை கொடுப்பது 2011-இல் வந்த 1.6 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

மொழி. தமிழ் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், மூன்றும் சமம். தமிழும் ஆங்கிலமும் என்றால் ட்ரூபலிலும் ஜூம்லாவிலும் அது உள்ளேயே உண்டு, வேர்ட்பிரஸில் பாலிலாங் மாதிரி பிளகின் வேண்டும். ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டாவது மொழியில் யார் எழுதுவார்? அந்தப் பெயர் முதல் தாளில் இல்லையென்றால், முகப்பு, அறிமுகம், தொடர்பு என்ற மூன்று பக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் சாதாரணப் பக்கமாகப் போடுங்கள். பாதி மொழிபெயர்த்த சைட் இரண்டு மொழிக்காரருக்கும் தொல்லை.

பட்டியல். மூன்றாம் குவியல் பெரிதாக இருந்தால் ட்ரூபலைப் பாருங்கள். கண்மாய் என்று ஓர் உள்ளடக்க வகை, அதில் ஊர், வட்டம், மடை எத்தனை, கலுங்கு எங்கே, கடைசியாகத் தூர்வாரிய வருடம் என்று புலங்கள் (நிரப்பும் கட்டங்கள்), பிறகு "மேலூர் வட்டத்தில் ஐந்து வருடமாகத் தூர்வாராதவை" என்று வடிகட்டிக் காட்டும் பக்கம். கோடு எழுதாமலே இதெல்லாம் ட்ரூபலில் வரும், வியூஸ் என்ற அந்தப் பகுதி 8-ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. ஜூம்லாவில் புலங்கள் உண்டு, வடிகட்டிக் காட்டுவது இவ்வளவு எளிதில்லை. வேர்ட்பிரஸில் இரண்டுக்கும் பிளகின்.

உறுப்பினர் போன் எண்ணையும் வீட்டு முகவரியையும் பட்டியலாகப் போடலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். பொதுவில் போடாதீர்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்க, தனியாக இருக்கும் வயதானவர்களின் எண்ணை ஊரறியப் போட்டால் மோசடி அழைப்புகள் முதலில் அவர்களுக்குத்தான் வரும். நிர்வாகிகள் எண் மட்டும் போதும், அதுவும் அவர்கள் சம்மதத்தோடு.

8. பராமரிப்பு யார் தலையில் விழும்

வேர்ட்பிரஸ் சிறு பாதுகாப்புத் திருத்தங்களை 2013-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து தானாகவே போட்டுக்கொள்கிறது. பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறுவதும் பெரும்பாலும் வலியில்லாமல் நடக்கும். அதன் பலவீனம் பிளகின். பாதுகாப்பு ஓட்டை பெரும்பாலும் வேர்ட்பிரஸில் இருப்பதில்லை, யாரோ எழுதி விட்டுப்போன பிளகினில் இருக்கிறது. எட்டு பிளகினுக்கு மேல் போகாதீர்கள் என்பது என் கணக்கு. கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பார்க்காமல் எதையும் போடாதீர்கள்.

ஜூம்லாவில் பெரிய பதிப்பு மாறும்போது டெம்ப்ளேட்டும் துணைக் கருவிகளும் ஒத்துவருமா என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஜூம்லா 3-க்கான ஆதரவு 2023 ஆகஸ்டில் முடிந்தது, அதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சங்க சைட்டுகளை நான் பார்க்கிறேன். ஆள் இல்லை என்பதுதான் காரணம்.

ட்ரூபல் இதில் கறாரானது. பாதுகாப்புத் திருத்தங்கள் புதன்கிழமைகளில் வரும், நமக்கு அது புதன் இரவு. 2014 அக்டோபரில் வந்த பெரிய ஓட்டையின்போது, அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத சைட்டுகள் உடைக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே சொன்னார்கள். அப்டேட் செய்ய கம்போசர் என்ற கருவியைக் கட்டளை வரியில் (மவுஸ் இல்லாமல் கட்டளைகளை டைப் செய்து) இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். ட்ரூபல் 7-இன் ஆதரவு 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. 7-இலிருந்து மேலே போவது அப்டேட் மாதிரி நடக்காது, புது வீடு கட்டிச் சாமானை மாற்றுகிற மாதிரி. முதல் தாளின் மூன்றாம் பெயர் இதையெல்லாம் செய்யக்கூடியவரா என்று நேராகக் கேளுங்கள்.

9. இப்போது முடிவெடுங்கள்

முதல் இரண்டு குவியல் பெரிது, எழுதுபவர் போன்காரர், தொழில்நுட்பம் தெரிந்தவர் எப்போதாவது வருபவர் என்றால் வேர்ட்பிரஸ். நம் பக்கத்துச் சங்கங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான், நானும் பெரும்பாலும் இதையே சொல்கிறேன். உள்ளூரில் இது தெரிந்த ஆள் சுலபமாகக் கிடைக்கிறார் என்பது பெரிய விஷயம், ஒருவர் போனால் இன்னொருவரைப் பிடிக்கலாம்.

பல ஊர், பல கிளை, ஒவ்வொருவருக்கும் தனி எல்லை, இரண்டு மொழி, அமைத்துக் கொடுத்து மாதம் ஒரு தடவை எட்டிப் பார்க்க ஓர் ஆள் என்றால் ஜூம்லா. இதை வேர்ட்பிரஸில் பத்துப் பிளகின் போட்டும் செய்யலாம், ஆனால் பத்தில் ஒன்று கைவிடப்படும் நாளில் அத்தனையும் ஆடும்.

தகவல்தான் உங்கள் சொத்து, நூற்றுக்கணக்கான பதிவுகள், அவற்றைத் தேடிப் பிரித்துப் பார்க்க வெளியாட்களும் வருவார்கள், கட்டளை வரி தெரிந்த இரண்டு பேர் நிலையாக இருக்கிறார்கள் என்றால் ட்ரூபல். 2025 ஜனவரியில் வந்த ட்ரூபல் சி.எம்.எஸ். என்ற தொகுப்பு தொடக்கத்தை எளிதாக்கியிருக்கிறது. பராமரிப்பின் எடை அப்படியேதான் இருக்கிறது. இரண்டு பேர் என்றதை அழுத்திச் சொல்கிறேன், ஒருவர் போதாது.

முடிவானதும் மற்ற இரண்டு நிறுவல்களையும் அன்றே அழியுங்கள், டேட்டாபேஸோடு (சைட்டின் எழுத்தெல்லாம் சேமிக்கப்படும் இடம்). மறந்துபோன சோதனைச் சைட் வழியாகத்தான் முதல் ஆள் உள்ளே நுழைவான்.

10. முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

பேக்கப்பை அமையுங்கள். வேர்ட்பிரஸுக்கு அப்டிராஃப்ட்பிளஸ், ஜூம்லாவுக்கு அகீபா பேக்கப் என்று நல்ல கருவிகள் இருக்கின்றன. பேக்கப் அதே ஹோஸ்டிங்கில் இருந்தால் பயனில்லை, சங்க ஈமெயிலின் கூகுள் டிரைவுக்குப் போக வேண்டும். அப்புறம் ஒரு தடவை அதைக் கொண்டு காலியான துணை டொமைனில் சைட்டைத் திரும்ப எழுப்பிப் பாருங்கள். இதைச் செய்யாமல் விட்ட ஒரு குழுவுக்கு எட்டு மாதப் பேக்கப் இருந்தது, திறந்து பார்த்தால் படங்கள் மட்டும் இருந்தன, டேட்டாபேஸ் ஒரு நாள்கூடச் சேரவில்லை.

ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். 'அட்மின்' என்று ஒரே கணக்கை ஐந்து பேர் பகிர்ந்தால், ஒருவர் பொறுப்பை விட்டதும் எல்லாருக்கும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டிவரும், மாற்றவும் மாட்டார்கள். நிர்வாகி நிலை இரண்டு பேருக்கு மட்டும், இரண்டு அடுக்குச் சரிபார்ப்போடு (பாஸ்வேர்டோடு போனில் வரும் எண்ணையும் கேட்பது).

கடைசியாக ஒரு தாள். டொமைன் எங்கே வாங்கியது, எப்போது முடிகிறது, ஹோஸ்டிங் எங்கே, சங்க ஈமெயில் எது, மீட்பு எண்கள் யாருடையவை, நிர்வாகிகள் யார், பேக்கப் எங்கே போகிறது, பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவது. பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம், அவற்றை உறையிலிட்டு ஒட்டித் தனியாக வையுங்கள். தாளைத் தமிழில் எழுதுங்கள், இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று மினிட் புத்தகத்தோடு, ஒன்று பொருளாளரிடம். ஆண்டுப் பொதுக்குழுவில் புது நிர்வாகிகள் கையெழுத்திடும்போது இந்தத் தாளையும் வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள், மீட்பு எண்களை அங்கேயே, அந்த மேஜையிலேயே மாற்றிவிடுங்கள்.